பூட்ஸ் காயும் அறை

அறை கொதித்தது, பூட்ஸ் மட்டும் காயவில்லை.

விடுதிக்காரிக்கு இது பிடிபடவே இல்லை. காலையில் கதவைத் திறந்தால் சூடு முகத்தில் வந்து அறைகிறது. சுவரோரம் ஓடும் குழாயைத் தொட்டால் விரல் சுடுகிறது. ஆனால் மர முளையில் தலைகீழாக மாட்டியிருக்கும் பூட்ஸை எடுத்து உள்ளே கையை விட்டால், விரல் பக்கமெல்லாம் சொதசொதவென்று இருக்கிறது. அதுவும் குளிர்ந்த ஈரம் இல்லை, வெதுவெதுப்பான ஈரம். போன பருவம் வரை இதே அறை, இதைவிடக் குறைந்த சூட்டில், இதைவிட மோசமாக நனைந்து வந்த பூட்ஸையெல்லாம் காலைக்குள் சருகு மாதிரி காய வைத்துக் கொடுத்தது.

“அக்கா, இதுல ரெண்டு மீன் குஞ்சு விட்டா நல்லா வளரும்,” என்றான் நெட்டை, தன் பூட்ஸைக் கவிழ்த்துக் காட்டி. அவளுடைய தம்பி அவன். கீழ்விடுதியிலிருந்து நடைக்குழுக்களைக் கூட்டிக்கொண்டு வந்து இங்கே விட்டுவிட்டுத் திரும்பிப் போகும் வழிகாட்டி. ஆள் அக்காவின் தோளுக்குத்தான் வருவான். அதனால்தான் அந்தப் பெயர்.

“வாய மூடிட்டு மாட்டுடா. அவர் காதுல விழப்போகுது.”

“மாமா தன் காதையும் பஞ்சு வச்சு அடைச்சிருப்பாரு. நீ கவலப்படாத.”

அவள் சிரிக்கவில்லை. சொல்லிவிட்ட பிறகு அவனும் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

ஈர பூட்ஸுக்கா இவ்வளவு கவலை என்று தோன்றலாம். அந்த மலைப்பாதையின் ஏற்பாடு தெரிந்தால் தோன்றாது. அது பல நாள் நடை, ஆனால் கூடாரம் அடித்துத் தரையில் படுக்கும் நடை இல்லை. ஒவ்வொரு நாள் நடையின் முடிவிலும் ஒரு விடுதி காத்திருக்கும். வெந்நீர்க் குளியல், மெத்தை, சலவை வாசனை போகாத போர்வை, ஆவி பறக்கும் சூப். நடப்பவர்கள் தண்ணீரையும் மழைக்கோட்டையும் மட்டும் சுமந்தால் போதும். பெட்டிகள் சரக்கு ரோப்பில், அதாவது விடுதிக்கு விடுதி இழுத்துக் கட்டிய இரும்புக் கம்பியில் தொங்கிக்கொண்டு, அவர்களுக்கு முன்னால் போய்ச் சேர்ந்துவிடும். மாற்றுச் சட்டை அதில் வரும். மாற்று சாக்ஸ் வரும். மாற்று பூட்ஸ் வராது. மலை பூட்ஸ் காலுக்குப் பழகப் பல வாரம் ஆகும். பழகிய ஜோடி ஒருவரிடம் ஒன்றுதான் இருக்கும். ஆக, அத்தனை சொகுசும் கடைசியில் அந்த ஒரு ஜோடியின் மேல்தான் நிற்கிறது.

இந்த விடுதி இருக்கும் இடமோ இன்னும் ஏடாகூடம். இங்கே வருவதற்கு முன் முழங்கால் ஆழத்துக்கு ஓடைகளைக் கடக்க வேண்டும். இங்கிருந்து கிளம்பினால் பனி மூடிய கணவாய். பூட்ஸ் மிக ஈரமாக வருவதும் இங்கேதான், மிகக் காய்ந்து போக வேண்டியதும் இங்கிருந்துதான்.

அதற்காகவே அவளுடைய வீட்டுக்காரர் அந்த அறையைக் கட்டினார். சமையலறை அடுப்பின் முதுகில் ஒரு வெந்நீர்த் தொட்டி. அதன் தலையிலிருந்து கிளம்பும் குழாய் பக்கத்து அறைக்குள் போய், சுவரோரமாக ஒரு சுற்றுச் சுற்றி, தொட்டியின் அடியில் வந்து சேரும். சூடான நீர் லேசானது, தானே மேலே ஏறும். சுற்றி வருவதற்குள் ஆறிக் கனத்துவிடும், தானே கீழே இறங்கி அடுப்புக்குத் திரும்பும். மோட்டார் வேண்டாம், மின்சாரம் வேண்டாம், அடுப்பு எரிந்தால் போதும். குழாய்க்கு மேலே மேல்நோக்கிச் சாய்ந்த மர முளைகள். அவற்றில் பூட்ஸைத் தலைகீழாக மாட்டினால் சூடு நேரே அதன் வாய்க்குள் ஏறும். அந்தச் சாய்வு எவ்வளவு என்று பார்த்துப் பார்த்து இழைத்த மனிதர் அவர். பேசுவதற்குப் பதில் எதையாவது இழைத்துக்கொண்டிருப்பார்.

மகன் போனது சென்ற குளிர்காலத்தில்.

விடுதி மூடியிருந்த சமயம். சரக்கு ரோப்பின் கப்பியில் பனிக்கட்டி இறுகியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு வருவதாகச் சொல்லி மேலே போனான். போகும்போது வானம் வெளுப்பாகத்தான் இருந்தது. பிறகு எங்கிருந்தோ புயல் வந்து மலையைத் தூக்கிச் சாப்பிட்டுவிட்டது. அவன் புத்திசாலித்தனமாகத்தான் நடந்துகொண்டான். வெளியே அலையாமல் கப்பிக் கொட்டகைக்குள் நுழைந்து கதவைச் சாத்திக்கொண்டான். அங்கேதான் கிடைத்தான். கீழிருந்து வந்த டாக்டர் ஆறுதலாகச் சொல்வதாக நினைத்துக்கொண்டு, “வெறும் குளிர்னா தாங்கியிருப்பான்யா. பலகை இடுக்குல வந்த காத்துதான் உடம்புச் சூட்ட உருவிடுச்சு,” என்றார்.

கொட்டகையைக் கட்டியதும் வீட்டுக்காரர்தான். பச்சைப் பலகையை அடித்தால் காயும்போது சுருங்கி இடைவெளி விடும். தச்சு வேலை தெரிந்த எவருக்கும் இது தெரியும். உள்ளே இருக்கப்போவது கப்பி. இரும்புக்குக் குளிராது என்று எவரும் அதைப் பொருட்படுத்த மாட்டார்கள். அவரும் பொருட்படுத்தவில்லை.

பனி உருகத் தொடங்கியதும் அவர் விடுதியின் இடுக்குகளை அடைக்க ஆரம்பித்தார். கயிற்றுப் பிசிர், மரத்தூளும் பசையும் கலந்த களிம்பு, தார். முதலில் படுக்கையறைகள், பிறகு சாப்பாட்டுக் கூடம், பிறகு படிக்கட்டு. கையில் எரியும் மெழுகுவத்தியோடு சுவர் சுவராகப் போவார். சுடர் எங்கே நடுங்குகிறதோ அங்கே விரலை வைப்பார், களிம்பை அப்புவார், சுடர் அசையாமல் நிற்கும் வரை அந்த இடத்தை விட்டு நகர மாட்டார். அவள் தடுக்கவில்லை. கை ஓய்ந்தால் மனிதர் உடைந்துவிடுவார் என்று அவளுக்கு நிச்சயமாகத் தெரிந்தது. விருந்தாளிகள் வரட்டும், கதவு கீல் கழலட்டும், கட்டில் கால் ஆடட்டும், அவருக்கு ஏதாவது ஒரு வேலை இருந்துகொண்டே இருக்கட்டும். விடுதி நடக்கும் வரை அவர் நடமாடுவார். அவள் கணக்கு அவ்வளவுதான். வேறு எதையும் அவள் கேட்கவில்லை.

பருவம் திறந்து முதல் குழு வந்தபோது அறைகள் கதகதப்பாக இருக்கின்றன என்று எல்லோரும் மெச்சினார்கள். பூட்ஸ் மட்டும் காயவில்லை.

அவள் செய்யாததில்லை. விறகைக் கூட்டினாள், குழாய் தொட முடியாதபடி சுட்டது, பூட்ஸ் அப்படியே இருந்தது. உள்தோலை உருவித் தனியாக வைத்தாள். பழைய செய்தித்தாளைக் கசக்கி உள்ளே திணித்தாள். தாள் நனைந்து கூழாகி, கொஞ்சம் ஈரத்தை வாங்கிக்கொண்டு, அதே அறையில் கிடந்தது. மழைக்கோட்டுகளை வேறிடத்துக்கு மாற்றினாள். கூரைப் பலகையின் உட்புறத்தில் முத்து முத்தாக நீர் தொங்குவதைப் பார்த்து, “கூரை ஒழுகுதுங்க, அதான்!” என்றாள் ஒருநாள், கண்டுபிடித்துவிட்ட மகிழ்ச்சியில். அவர் அன்றே மேலேறித் தார் பூசினார். மறுநாளும் சொட்டியது. ‘இன்னும் எங்கேயோ காற்று உள்ளே வருகிறது, சூட்டைக் கெடுக்கிறது’ என்பது அவர் முடிவு. மெழுகுவத்தியை எடுத்துக்கொண்டு மறுபடி உள்ளே போனார். ஒவ்வொரு ஈரக் காலைக்கும் பதிலாக இன்னொரு இடுக்கு அடைபட்டது.

அப்படி ஒரு காலையில்தான் இந்த நடைகளை நடத்தும் நிறுவனத்தின் பாதை மேலாளர் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருந்தாள். நடப்பவர்கள் எங்கே எந்த விடுதியில் தங்குவது என்று தீர்மானிப்பவள். சொல்லாமல் கொள்ளாமல் குழுவோடு குழுவாக நடந்து வந்திருந்தாள். எதிரே ஒரு பல் டாக்டர், பெஞ்சின் மேல் காலைத் தூக்கி வைத்துக் குதிகாலை எல்லோருக்கும் காட்டிக்கொண்டிருந்தார்.

“நான் பாக்குற வேலை வேற இடத்துலதான். ஆனா இந்தக் குதிகாலுக்கு ரூட் கெனால்தான் பண்ணணும் போலிருக்கு.”

“காலக் கீழ எறக்குங்க டாக்டர், சாப்புடுற இடம்,” என்றாள் அவர் மனைவி.

“கால்ல இருக்குறது ஈரம்தான், அழுக்கு இல்ல. நேத்து ராத்திரி முழுக்க வெந்திருக்கு பூட்ஸு. வேணும்னா கடிச்சுப் பாரு.”

எல்லோரும் சிரித்தார்கள். மேலாளர் சிரிக்கவில்லை. தட்டுகளை அடுக்கும் சாக்கில் விடுதிக்காரி அங்கேயே நின்றாள். கணவாய்க்குக் கூட்டிப்போகும் ஆள் வெளியே விசிலடித்ததும் ஒவ்வொருவராக, முகத்தைச் சுளித்துக்கொண்டு, வெதுவெதுப்பான ஈரத்துக்குள் காலை நுழைத்துக்கொண்டு கிளம்பினார்கள். மேலாளர் மட்டும் பின்தங்கினாள்.

“அக்கா, உங்க சாப்பாட்டுல குறை சொல்ல முடியாது. ரூமு அவ்ளோ கதகதப்பா இருக்கு. ஆனா கணவாய்ல போன வாரம் ஒருத்தருக்குக் கால்விரல் வெளுத்துப் போச்சு. ஈர பூட்ஸு. கொஞ்சம் விட்டிருந்தா வெட்ட வேண்டியதாயிருக்கும்.”

“சரி பண்ணிடுவோம் மேடம். அவரு பாத்துட்டேதான் இருக்காரு.”

“நீங்க ஒவ்வொரு தடவையும் அதேதான் சொல்றீங்க.” அவள் குரலில் கோபம் இல்லை. “ஓடைக்கு அந்தப் பக்கமா, மேட்டு வழியா பாதைய மாத்திட்டோம். அங்க ஒரு புது விடுதி தயாராயிடுச்சு. நேத்தே முடிவாயிடுச்சுக்கா, நேர்ல சொல்லணும்னுதான் நானே வந்தேன். இன்னைக்கு சாயங்காலம் உங்க தம்பி கூட்டிட்டு வர்ற குழு ஏற்கெனவே பதிவானது. அதோட சரி.”

“அதோட சரின்னா?”

“அதுக்கப்புறம் இந்த வழியா யாரும் வரமாட்டாங்க.”

மேலாளர் போனாள். நெட்டை அடுத்த குழுவைக் கூட்டிவர விடியும் முன்பே கீழே இறங்கியிருந்தான். வீட்டுக்காரர் மாடியில் எதையோ தட்டிக்கொண்டிருந்தார். தட்டும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது, அவருக்கு இன்னும் வேலை இருக்கிறது என்று சொல்வது போல. அந்தச் சத்தத்தை அவளால் தாங்க முடியவில்லை. அழுதால் அவருக்குக் கேட்காத இடம் அந்த வீட்டில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. பூட்ஸ் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அவர் கைவேலை, பிசிறில்லாமல் சாத்திக்கொண்டது.

பெஞ்சில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். மூக்குக் கண்ணாடியில் ஆவி படிந்தது. துடைத்தாள், மறுபடி படிந்தது. பிடரியில் ஒரு சொட்டு விழுந்தது. நிமிர்ந்து பார்த்தாள். கூரைப் பலகை முழுக்க நீர் முத்துகள்.

ஆனால் நேற்றும் மழை இல்லை. இன்றும் இல்லை.

பார்த்துக்கொண்டே இருந்தாள். ஒரு முத்து பருத்தது, பக்கத்து முத்தோடு சேர்ந்தது, கனம் தாங்காமல் விழுந்தது. விழுந்த இடம் அவளுடைய சொந்த பூட்ஸின் மேல். அங்கே அது தோலுக்குள் ஊறுவதையும் பார்த்தாள். வெளியிலிருந்து வராத தண்ணீர் கூரையில் எப்படி இருக்கும்? அறைக்குள் இருந்த தண்ணீர் ஒன்றுதான், பூட்ஸில் இருந்தது. அது சூட்டில் ஆவியாகி மேலே போகிறது, குளிர்ந்த பலகையைத் தொட்டதும் மறுபடி தண்ணீராகிறது, திரும்பி பூட்ஸுக்கே வந்துவிடுகிறது. மூடி போட்ட பானையில் சூப் எவ்வளவு நேரம் கொதித்தாலும் சுண்டாது. சுண்ட வேண்டுமானால் மூடியைத் தள்ளி வைக்க வேண்டும். நாள் தவறாமல் செய்கிற வேலை. அதைச் செய்யும் கைகளால்தான் இந்த அறைக்கும் விறகைக் கூட்டிக் கூட்டிப் போட்டிருந்தாள்.

எழுந்து கதவை ஒரு சாண் திறந்து, அசையாமல் நின்றாள். கணுக்காலில் சில்லென்று காற்று உள்ளே ஊர்ந்தது. தலைக்கு மேலே, கதவிடுக்கின் உச்சியில், வெள்ளை ஆவி வெளியே வழிந்துகொண்டிருந்தது. கீழே வருகிறது, மேலே போகிறது. முன்பு இந்தக் கதவு தொங்கிப்போன கதவு, அடியில் எலி நுழையும். பின்சுவரில், கூரையோரம், ஒரு பலகை குட்டையாகப் போய்ச் சந்து விட்டிருந்தது. வருஷக்கணக்கில் அந்த இரண்டையும் திட்டிக்கொண்டே இருந்தார்கள், இந்த வருஷம்தான் அவர் இரண்டையும் அடைத்தார். அறை வேலை செய்ததே அந்த இரண்டாலும்தான்.

கண்டுபிடித்துவிட்ட மகிழ்ச்சி இந்த முறை வரவில்லை. மாடியில் தட்டிக்கொண்டிருக்கும் மனிதரிடம் போய் இதை எந்த வாயால் சொல்வது?

சொல்லாமலே செய்துவிடலாம் என்று பார்த்தாள். கைரம்பத்தை எடுத்து வந்து கதவடியில் மண்டியிட்டு நாலு இழுப்பு இழுப்பதற்குள் தட்டும் சத்தம் நின்றது. படியில் காலடி கேட்டது.

“என்ன பண்ற?”

“ஒண்ணுமில்லீங்க.”

“கதவ அறுக்குற, ஒண்ணுமில்லீங்கிற.”

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். சூப் பானை, மூடி, கூரைச் சொட்டு. அவர் நம்பவில்லை. மெழுகுவத்தியை ஏற்றி உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டுக் கதவைச் சாத்தினார். இருவரும் உள்ளேயே பார்த்துக்கொண்டு நின்றார்கள். சுடர் ஓவியத்தில் வரைந்தது மாதிரி நின்றது.

“பாரு. ஒரு துளி காத்து இல்ல.”

“அதாங்க. அதனாலதான் காயமாட்டேங்குது.”

அவர் கூரையைப் பார்த்தார். விரலால் ஒரு முத்தைத் தொட்டு உடைத்தார். வேலை தெரிந்தவர், அதற்கு மேல் அவருக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை.

“அப்போ காத்து வேணுங்கற.”

“வேணும்ங்க.”

“வேணும்.” அந்தச் சொல்லை வாயில் வைத்துக்கொண்டு நின்றார். “அங்க வேண்டாம்னு இருந்துச்சு, நான் விட்டு வச்சேன். இங்க வேணும்னு இருந்துச்சு, நான் அடைச்சேன். நான் எதத்தாம்மா சரியா செஞ்சேன்?”

தோளைத் தொடப் போனாள், அவர் நகர்ந்துகொண்டார்.

“அந்தப் பொண்ணு என்ன சொல்லிட்டுப் போச்சு? நிறுத்திட்டாங்களா?”

“உங்களுக்கு எப்படி...”

“அவ தட்டுல பாதி மிச்சம் வச்சா. உன் சமையல்ல யாரும் மிச்சம் வச்சதில்ல.” மெழுகுவத்தியை ஊதி அணைத்தார். “அப்போ விடு. யாரும் வரப்போறதில்ல. எதுக்கு வெட்டணும்?”

“சாயங்காலம் ஒரு குழு வருதுங்க. கடைசி. காலைல அவங்க கணவாய் ஏறணும்.”

அவர் கதவைத் திறந்துகொண்டு அறையை விட்டு வந்தார். சமையலறை ஜன்னலுக்கு வெளியே மலைச்சரிவில் கப்பிக் கொட்டகை தெரிந்தது. இருவருமே அந்தப் பக்கம் பார்க்காமல் இருக்கப் பழகியிருந்தார்கள். அன்று அவர் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

“யாரு பெத்த பிள்ளைங்களோ,” என்றார். பிறகு கையை நீட்டினார். “ரம்பத்தக் குடு. நீ அறுத்தா எலி கடிச்ச மாதிரி இருக்கும்.”

கதவைக் கழற்றிச் சாய்த்து, கோடு கிழித்து, அடியை அறுத்தார். ஸ்டூல் போட்டு ஏறி எதிர்ச்சுவரில் கூரையோரம் பலகையை வெட்டி எடுத்தார். துளைக்கு வெளியே, மழை உள்ளே அடிக்காதபடி ஒரு சிறு தகரத்தைச் சாய்வாக ஆணியடித்தார். எல்லாம் முடிந்ததும் கதவை மாட்டிவிட்டு, அதன் அடியில் புறங்கையை வைத்துப் பார்த்தார். சில்லென்ற காற்று விரல்களுக்கிடையே உள்ளே ஓடியது. அவர் கையை எடுக்கவே இல்லை. அப்படியே தரையில் உட்கார்ந்து, அந்தக் காற்றில் கையை வைத்துக்கொண்டு, சத்தமில்லாமல் அழுதார். அவன் போன பிறகு அவர் அழுது அவள் பார்த்தது அன்றுதான்.

சாயங்காலம் குழு வந்து சேர்ந்தது. வழியில் பிடித்துக்கொண்ட மழையில் நனையாத ஆள் இல்லை. “அக்கா, இன்னைக்கு மீன் குஞ்சையும் பிடிச்சுட்டே வந்துட்டோம்,” என்று தொடங்கிய நெட்டை, அக்காவின் முகத்தைப் பார்த்ததும் பேச்சை நிறுத்திவிட்டு, குனிந்து ஒவ்வொருவர் பூட்ஸாக வாங்கி முளைகளில் மாட்டினான். ரம்பத்தையும் களிம்பு டப்பாவையும் வீட்டுக்காரர் எங்கேயோ வைத்துவிட்டார். சாப்பாட்டு நேரம் முழுக்க மடியில் கையைப் போட்டுக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். கட்டில் கால் ஆடுகிறது என்று ஒரு விருந்தாளி வந்து சொன்னபோது, தலையை ஆட்டினாரே தவிர எழுந்திருக்கவில்லை.

காலையில் பூட்ஸ் எல்லாம் காய்ந்திருந்தன. விரல் பக்கம் வரை, தையல் வரை, உள்தோல் வரை. காலை நுழைத்தவர்கள் ஒன்றும் சொல்லவில்லை. காய்ந்த பூட்ஸைப் பற்றி யார் என்ன சொல்வார்கள்? விசில் கேட்டது, கணவாயை நோக்கி நடந்தார்கள், வளைவில் மறைந்தார்கள். பாதையில் அதற்குப் பிறகு யாரும் இல்லை.

ஆள் போன அறைக்குள் அவள் ஒருமுறை போய்ப் பார்த்தாள். கூரை காய்ந்திருந்தது. சூட்டில் ஒரு குறையும் இல்லை. முதல் நாளைவிட விறகுகூடக் குறைவாகத்தான் ஆகியிருந்தது. கதவின் அடியில் நாலு விரல் இடைவெளி இருக்க வேண்டும். எதிர்ச்சுவரில், கூரையை ஒட்டி, கையளவு துளை ஒன்று இருக்க வேண்டும். வெளிக்காற்று கீழே நுழைந்து, குழாயை உரசிச் சூடாகி, லேசாகி, பூட்ஸின் வாய்க்குள் ஏறி ஈரத்தை வாங்கிக்கொண்டு, மேல் துளை வழியே வெளியே போய்விடும். இரண்டில் எதை அடைத்தாலும் காயாது.